கடைவாய்ப்பல்லின் நான்காவது குழாய்

வேர் சிகிச்சை முடிந்து கேப்பும் போட்டாயிற்று. ஆனாலும் மெல்லும்போது வலிக்கிறது. மேல்வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லில் இப்படி ஆனால், விடுபட்டுப்போன குழாய் ஒன்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தப் பல்லுக்கு வேர்கள் மூன்று; வேருக்கு ஒன்றாகக் குழாயும் மூன்று என்று தோன்றும். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கன்னத்துப் பக்கமுள்ள முன்வேரில், மிகக் குறுகலான இரண்டாவது குழாய் ஒன்று இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி உள்ளேயே தங்கி, வேர்நுனியில் சீழ் வைக்கக்கூடும்.

சாதாரண எக்ஸ்ரேயில், முன்னும் பின்னுமாக நிற்கும் இரு குழாய்களும் ஒரே கோடாகப் படிந்துவிடுகின்றன. இங்கேதான் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் கைகொடுக்கிறது.

திருவனந்தபுரத்து ஸ்கேன் மையங்களில் இன்று இந்தக் கருவி இருக்கிறது. தாடையைத் தாங்கியில் வைத்து, சிறு குச்சியைக் கடித்தபடி அசையாமல் இருக்க வேண்டும். ஒருபுறம் எக்ஸ்ரே குழலும் மறுபுறம் உணரியுமாகக் கருவியின் கை தலையைச் சுற்றிவரும். 10 முதல் 20 நொடிக்குள் நூற்றுக்கணக்கான படங்கள் பதிவாகிவிடும். அவற்றைக் கணினி முப்பரிமாண உருவமாகக் கோத்துத் தரும். வாழைத்தண்டை அரிந்ததுபோல் வேரைக் குறுக்குவாக்கில் வட்டம் வட்டமாகப் பார்க்கலாம். ஒளிந்திருந்த குழாய் அங்கே இரண்டாவது கரும்புள்ளியாகத் தெரியும்.

இப்படிக் கோப்பதற்கான கணக்கில் நம்மவர் பங்கு பெரிது. எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அறிவியலாளர் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட கட்டுரை, எக்ஸ்ரே படங்களிலிருந்து உருவத்தை மீட்டெடுக்கச் சுருக்கமான கணித வழியைக் காட்டியது. சிபிசிடியில் உள்ளதுபோல் கூம்பாக விரியும் கதிருக்கு ஏற்ற கணக்கை ஃபோர்டு கார் நிறுவன ஆய்வாளர்கள் 1984இல் தந்தார்கள். பல் ஸ்கேன் எடுக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் ராமச்சந்திரன்.

அதற்காக எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. மருத்துவமனை சிடியைவிடக் கதிர்வீச்சு குறைவு என்றாலும், சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிடக் கூடுதல். கேப்பின் உலோகம் படத்தில் கீற்றுகளை உண்டாக்கிக் குழப்பவும் செய்யும். குழாய் விடுபட்டிருக்கிறதோ, வேர் விரிசல் விட்டிருக்கிறதோ என்பது போன்ற ஐயம் வரும்போதுதான் இது பயன்படும். அப்போதும் முழுத் தாடை வேண்டாம், அந்தப் பல் பகுதி மட்டும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் மையத்தில் அச்சிட்ட ஃபிலிமோடு நின்றுவிடாமல் முழுப் படக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் சில வெட்டுகள்தான் இருக்கும்.