கணவரைப் பிரியாமல் இருக்க டெலிவிஷனுக்கு வந்த நடிகை

அமெரிக்காவையே சிரிக்க வைத்த லூசில் பால் கதை

நியூயார்க் நகரில் ஒரு நாடகப் பள்ளி. 1926-ம் ஆண்டு அதில் ஒரு பெண் சேர்ந்தாள். வயது 15. வெளியூர்ப் பெண். ஆள் ஒல்லி. மேடையில் ஏற்றிவிட்டால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு வராது.

ஆசிரியர்கள் சில வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, இந்தப் பெண்ணுக்குக் கூச்சம் அதிகம், நடிப்பு வராது, பணத்தை வீணாக்க வேண்டாம் என்று தாயாருக்குத் தெரிவித்துவிட்டார்கள்.

பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

27 ஆண்டு கழித்து, அதே பெண்ணின் நடிப்பை ஒரே இரவில் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள்!

அவர்தான் லூசில் பால். ("பால்" என்பது குடும்பப் பெயர். நாம் குடிக்கும் பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) அமெரிக்க மக்களுக்கு அவர் வெறும் "லூசி".

தகப்பன் இல்லாத பெண்

லூசி பிறந்தது 1911-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. ஊர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஜேம்ஸ்டவுன். தகப்பனார் டெலிபோன் கம்பி போடும் தொழிலாளி. லூசிக்கு 3 வயது இருக்கும்போது டைபாய்டு காய்ச்சல் வந்து அவர் இறந்துபோனார். அப்போது தாயார் கர்ப்பிணி. தம்பி பிறந்தபோது தகப்பன் இல்லை.

தாயார் வேலைக்குப் போனார். பிள்ளைகளை வளர்த்தவர் தாத்தா.

நாடகப் பள்ளி கைவிட்ட பிறகும் லூசி நியூயார்க்கை விடவில்லை. மறுபடி போனார். பெரிய துணிக்கடையில் புது மோஸ்தர் உடைகளை அணிந்து காட்டும் வேலை கிடைத்தது. இடையில் மூட்டு நோய் கண்டு நீண்ட நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்து நடக்கப் பழகி, திரும்பவும் நியூயார்க் போனார். அதுதான் லூசி!

1933-ல் ஹாலிவுட்டில் ஒரு படத்துக்கு அழகிகள் தேவைப்பட்டார்கள். கூட்டத்தில் நிற்கும் வேஷம்தான். லூசி ரெயில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு 15 ஆண்டுகளுக்கு மேல் சினிமாவில் நடித்தார். ஏராளமான படங்கள். ஆனால் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரு பெரிய படத்தோடு சேர்த்து, குறைந்த செலவில் எடுத்த ஒரு சிறிய படத்தையும் காட்டுவார்கள். அந்தச் சிறிய படங்களின் ராணி என்று லூசியைச் சொன்னார்கள். பாராட்டா, கேலியா என்று சொல்வது கஷ்டம்.

அவருடைய பெயரோடு சேர்ந்த சிவப்புத் தலைமுடிகூட இந்தக் காலத்தில் வந்ததுதான். இயற்கையான நிறம் பழுப்பு. எம்.ஜி.எம். கம்பெனி படத்துக்காகச் சாயம் பூசினார்கள்.

பாட்டுக்காரர் மீது காதல்

1940-ம் ஆண்டு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, டெசி ஆர்னாஸ் என்பவரை லூசி சந்தித்தார்.

டெசி, கியூபா நாட்டுக்காரர். அவருடைய தகப்பனார் சந்தியாகோ நகரத்து மேயர். 1933-ல் அங்கு புரட்சி வெடித்தது. மேயர் சிறைக்குப் போனார். சொத்தெல்லாம் போயிற்று. உயிர் பிழைத்து அமெரிக்காவுக்கு வந்த பையன், வயிற்றுப் பிழைப்புக்குப் பறவைக் கூண்டுகளைச் சுத்தம் செய்தான். பிறகு மேளம் அடித்து, பாட்டுப் பாடி, சொந்தமாக வாத்தியக் கோஷ்டி நடத்தும் அளவுக்கு முன்னேறினான்.

லூசியைவிட டெசி 6 வயது இளையவர். இருந்தும் காதல் பிறந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கல்யாணம் நடந்தது.

கல்யாணம் நடந்ததே தவிர, குடித்தனம் நடக்கவில்லை! டெசி தன் கோஷ்டியுடன் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். லூசி ஹாலிவுட்டில் இருந்தார். போனிலும் கடிதத்திலும்தான் தாம்பத்தியம். ஊர் சுற்றும் அழகான வாலிபரைச் சுற்றிப் பெண்கள் கூட்டம் வேறு. 1944-ல் விவாகரத்துக் கேட்டு லூசி கோர்ட்டுக்கே போய்விட்டார். பிறகு சமாதானம் ஆயிற்று. பிள்ளைப் பாக்கியமும் இல்லை. கரு உண்டாகும், கலைந்துவிடும்.

இருவரும் ஒரே ஊரில், ஒரே இடத்தில் வேலை பார்த்தால் ஒழிய இந்தக் குடும்பம் நிலைக்காது என்று லூசிக்குத் தெரிந்துபோயிற்று.

கணவர் வேஷம் யாருக்கு?

1948-ல் சி.பி.எஸ். ரேடியோவில் கணவன்-மனைவி பற்றிய ஒரு சிரிப்பு நாடகம் ஆரம்பமாயிற்று. மனைவியாக லூசி நடித்தார். கணவராக வேறு ஒரு நடிகர். நாடகம் பிரபலம் ஆனது. இதை டெலிவிஷனுக்குக் கொண்டுவரலாம் என்று கம்பெனி விரும்பியது.

லூசி ஒரு நிபந்தனை போட்டார். கணவராக டெசிதான் நடிக்க வேண்டும்!

கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். கியூபாக்காரர், இங்கிலீஷ் உச்சரிப்பு ஒரு மாதிரி. இவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவர் என்று காட்டினால் ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். 10 ஆண்டுகளாக உண்மையிலேயே கணவராக இருப்பவரை, கணவர் வேஷத்துக்குப் பொருத்தம் இல்லை என்றால் எப்படி இருக்கும்?

லூசி வாதாடவில்லை. 1950-ம் ஆண்டு கணவரைக் கூட்டிக்கொண்டு மேடை நிகழ்ச்சி நடத்த ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். டெசி பாட, லூசி கோமாளி வேஷத்தில் குறுக்கே வந்து கலாட்டா செய்ய, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் வழிக்கு வந்தார்கள்.

மூன்று காமிரா

அடுத்து இன்னொரு தகராறு.

அப்போதெல்லாம் டெலிவிஷன் நாடகம் என்றால், நடிக்க நடிக்க அப்படியே ஒளிபரப்புவார்கள். பெரும்பாலும் நியூயார்க்கில்தான் நடக்கும். தூரத்து ஊர்களுக்கு, டெலிவிஷன் திரையில் தெரிவதையே படம் பிடித்து அனுப்புவார்கள். அது மங்கலாக இருக்கும். எனவே நியூயார்க்குக்கு வாருங்கள் என்றது கம்பெனி. கலிபோர்னியாவில் இருக்கும் வீட்டை விட்டு வர மாட்டோம் என்றார்கள் தம்பதிகள்.

கடைசியில் டெசி ஒரு யோசனை சொன்னார். சினிமாவைப் போல பிலிமிலேயே எடுத்துவிடலாம். எல்லா ஊரிலும் படம் பளிச்சென்று தெரியும்.

செலவு அதிகம் ஆகுமே? எங்கள் சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பிலிம்கள் எங்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்று டெசி கேட்டார். ஒரு தடவை காட்டிய நாடகத்தை இரண்டாம் தடவை யார் பார்க்கப் போகிறார்கள்? கம்பெனி உடனே சரி என்றது.

டெலிவிஷன் சரித்திரத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய சொத்தை வேறு யாரும் விட்டுக்கொடுத்ததில்லை எனலாம்!

எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரித்தால்தான் லூசிக்கு நடிப்பு களைகட்டும். ஆகவே ஸ்டூடியோவுக்குள் சுமார் 300 பேர் உட்கார இடம் செய்தார்கள். கார்ல் பிராயிண்டு என்ற ஜெர்மனி நாட்டு ஒளிப்பதிவாளர் வந்தார். பேசாப் படக் காலத்திலேயே பெயர் பெற்றவர். மூன்று காமிராக்கள் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று முழுக் காட்சியைப் பிடிக்கும். மற்ற இரண்டும் முகங்களைப் பிடிக்கும். நிழல் விழாதபடி விளக்குகள் எல்லாம் மேலே தொங்கும். இன்றைக்கும் பல நாடுகளில் சிரிப்புத் தொடர்களை இந்த முறையில்தான் எடுக்கிறார்கள்.

"ஐ லவ் லூசி" என்ற அந்தத் தொடர் 1951 அக்டோபர் 15-ந் தேதி ஆரம்பமாயிற்று. அதற்கு மூன்று மாதம் முன்புதான் லூசிக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. தாயாருக்கு 40 வயது நிறைய இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி!

கதை ரொம்பச் சுலபம். கணவர் பாட்டுக்காரர். மனைவிக்கும் மேடை ஏற ஆசை. கணவர் கூடாது என்பார். மனைவி ஏதாவது தந்திரம் செய்து வம்பில் மாட்டிக்கொள்வார். வீட்டுக்கார அம்மாளும் இவருக்குக் கூட்டு. வீட்டுக்கார அம்மாளாக நடித்தவர் விவியன் வான்ஸ்.

மிட்டாய் பாக்டரிக் காட்சி ஒன்று போதும். லூசியும் வீட்டுக்கார அம்மாளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஓடும் பட்டையில் சாக்லேட் வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். முதலில் மெதுவாக வருகிறது. பிறகு வேகம் கூடுகிறது. சமாளிக்க முடியவில்லை. லூசி சாக்லேட்டை வாயில் திணிக்கிறார், தொப்பிக்குள் போடுகிறார், சட்டைக்குள் தள்ளுகிறார். மேஸ்திரி அம்மாள் வந்து பார்க்கிறாள். பட்டை காலி! பரவாயில்லையே என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓடவிடச் சொல்கிறாள்!

பார்ப்பதற்கு ஏதோ அந்த நிமிஷத்தில் தோன்றிய குறும்பு போல இருக்கும். அப்படி அல்ல. ஒவ்வொரு அசைவையும் லூசி திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பார். கையில் எடுக்கும் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை கணக்கு.

ஒரே நாளில் இரண்டு பிள்ளை

1952-ல் லூசி மறுபடி கர்ப்பம் ஆனார். தொடர் நின்றுவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். கதையிலும் லூசி கர்ப்பம் என்று வைத்துவிடலாமே என்றார்கள் தம்பதிகள்.

அமெரிக்கா என்றால் எல்லாம் வெளிப்படை என்று நினைக்கிறோம். அப்போது டெலிவிஷனில் "கர்ப்பம்" என்ற சொல்லையே சொல்லக்கூடாது! கம்பெனி மறுத்தது. டெசி, நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த சிகரெட் கம்பெனித் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அவர் தம் ஆட்களை அழைத்து, இதில் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தச் சொல் வரவில்லை. நம் ஊரில் "முழுகாமல் இருக்கிறாள்" என்று நாசூக்காகச் சொல்வது போல, அவர்களும் ஒரு நாசூக்கான சொல்லைத் தேடிக்கொண்டார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்டு பாதிரியார், ஒரு யூத மதகுரு மூவரும் ஒவ்வொரு கதையையும் படித்துப் பார்த்தார்கள்.

பிரசவக் காட்சியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டார்கள். 1953 ஜனவரி 19-ந் தேதி அது ஒளிபரப்பாக வேண்டும். அதே நாளில் ஆஸ்பத்திரியில் லூசிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பது என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். கதையில் ஆண் குழந்தை என்று எழுதியிருந்தார்கள். உண்மையிலும் ஆண் குழந்தையே பிறந்தது!

அன்று இரவு, டெலிவிஷன் பெட்டி உள்ள 100 வீடுகளில் 71 வீடுகள் லூசியைப் பார்த்தன. மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம். லூசியின் பிள்ளைக்குக் கூடியது 4 கோடியே 40 லட்சம்!

லூசி ஓய்வில் இருந்தபோது பழைய பிலிம்களை மறுபடி காட்டினார்கள். ஜனங்கள் சலிக்காமல் பார்த்தார்கள். அப்போதுதான் கம்பெனிக்காரர்களுக்குத் தாங்கள் கைவிட்டது என்ன என்று புரிந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு கண்டம் வந்தது. லூசி கம்யூனிஸ்டு என்று செய்தி பரவியது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பலருடைய பிழைப்பைக் கெடுத்த சொல் அது. 1936-ல், வளர்த்த தாத்தாவின் மனம் நோகக்கூடாது என்று அந்தக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தார். விசாரணையில் அதைச் சொன்னார். குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் உண்மை நிறம் அல்ல என்று டெசி ரசிகர்களிடம் தமாஷ் செய்தார்.

கடைசி முத்தம்

பணம் குவிந்தது. இருவர் பெயரையும் சேர்த்து "டெசிலு" என்று கம்பெனிக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1957-ல் அந்தக் கம்பெனி, 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை வாங்கியது. ஒரு காலத்தில் லூசி சம்பளத்துக்கு வேலை பார்த்த ஸ்டூடியோ! இருவரும் முதலில் சந்தித்த அதே ஸ்டூடியோ!

ஆனால் எதற்காக இவ்வளவும் ஆரம்பித்ததோ, அது கைநழுவிக்கொண்டிருந்தது. டெசிக்கு ஓயாத வேலை. குடி அதிகம் ஆயிற்று. வேறு பெண்களின் சகவாசமும் விடவில்லை. வீட்டில் தினமும் சண்டை. காமிரா முன்னால் மட்டும் ஒற்றுமை.

1960 மார்ச் 2-ந் தேதி, இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சியைப் படம் பிடித்தார்கள். அன்று டெசியின் பிறந்த நாள். கதைப்படி முடிவில் கணவனும் மனைவியும் சமாதானம் ஆகி முத்தமிட வேண்டும். முத்தமிட்டார்கள்.

மறுநாள் லூசி விவாகரத்து மனு கொடுத்தார்.

முதலாளி அம்மாள்

1961-ல் காரி மார்ட்டன் என்ற சிரிப்பு நடிகரை லூசி மணந்தார். 1962-ல் டெசியின் பங்குகளை விலைக்கு வாங்கி, ஸ்டூடியோவுக்குத் தாமே தலைவர் ஆனார். ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டூடியோவை நிர்வகித்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். "ஸ்டார் டிரெக்" என்ற விண்வெளித் தொடருக்குச் செலவு அதிகம் என்று மற்றவர்கள் தயங்கியபோது அதற்குச் சம்மதம் கொடுத்தவர் அவர். 1966-ல் வெளிவந்த அந்தத் தொடரின் பெயர் உலகம் எங்கும் பரவியது. மறுவருஷம் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு ஸ்டூடியோவை விற்றுவிட்டார். நடிப்பை மட்டும் விடவில்லை.

1986-ல், 75-வது வயதில், புதிய தொடர் ஒன்றில் நடித்தார். ஜனங்கள் வரவேற்கவில்லை. எட்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அதே நேரத்தில் டெசி புற்று நோயால் படுத்திருந்தார். விவாகரத்துக்குப் பிறகும் இருவரும் நட்பாகவே இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி டெசி காலமானார். ஐந்து நாள் கழித்து, வாஷிங்டனில் லூசிக்கு ஒரு பெரிய கவுரவம் அளிக்கப்பட்டது. ஜனாதிபதி ரீகனும் வந்திருந்தார். அந்த விழாவுக்காக டெசி முன்பே எழுதிக் கொடுத்திருந்ததை ஒரு நடிகர் எழுந்து படித்தார். "ஐ லவ் லூசி" என்றால், "லூசியை நான் காதலிக்கிறேன்" என்று அர்த்தம். அது வெறும் தலைப்பாக ஒருபோதும் இருந்ததில்லை என்று டெசி கடைசி வரியில் எழுதியிருந்தார். லூசி கண்ணீரை அடக்கிக்கொண்டார்.

1989 ஏப்ரல் 26-ந் தேதி, இருதயத்தில் இருந்து வரும் பெரிய ரத்தக் குழாய் வெடித்து லூசி இறந்தார். வயது 77.

ஜேம்ஸ்டவுன் பக்கத்தில், அவர் வளர்ந்த சிற்றூரில், 2009-ல் வெண்கலச் சிலை வைத்தார்கள். பார்த்தவர்கள் பயந்துபோனார்கள்! லூசி முகமே இல்லை. பேய் முழிப்பது போல இருந்தது. கூக்குரல் எழுந்தது. 2016-ல், லூசியின் பிறந்த நாளன்று, அழகான வேறு சிலை வைத்தார்கள். பழைய சிலையையும் அப்புறப்படுத்தவில்லை. அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் வந்தது.