பெரிய வீடா, சிறிய வீடா?

பிள்ளைகள் வளர்ந்து, ஒருவர் பெங்களூரிலும் ஒருவர் துபாயிலும் குடியேறிய பின்பு, கோந்த்வாவின் ஏதோ ஒரு மூன்றாம் மாடியில் இரண்டு முதியவர்களும் மூன்று படுக்கையறைகளும் மீந்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிழைப்புக்கென்று புனேவுக்கு வந்து, நகையை அடகுவைத்து வாங்கிய வீடு அது. "விற்றுவிட்டுச் சிறியதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகள் தொலைபேசியில் சொல்வது எளிது. கணக்கோ அவ்வளவு எளிதன்று.

புனே மாநகராட்சி எல்லைக்குள் வீடு வாங்குகிறவர், மெட்ரோவுக்கான வரியும் சேர்ந்து, 7 சதவீத முத்திரைத்தீர்வை செலுத்தவேண்டும்; பெண்ணின் பெயரில் மட்டும் வாங்கினால் 6 சதவீதம். பதிவுக்கட்டணம் 30,000 ரூபாய். ஆகவே 50 இலட்ச ரூபாய் வீட்டுக்கு 3,80,000 ரூபாயும், மனைவியின் பெயரிலானால் 3,30,000 ரூபாயும் கையைவிட்டுப் போகும். தரகர் கூலி வேறு. பழைய வீட்டை விற்ற இலாபத்தை இரண்டு ஆண்டுக்குள் வேறு வீட்டில் போட்டால் அந்தத் தொகைக்கு வருமானவரி இல்லை. சிறிய வீடு வாங்கியபின் மிஞ்சும் இலாபத்துக்கு வரி உண்டு.

மாதச்செலவு குறையும் என்பதும் எப்போதும் மெய்யன்று. மகாராஷ்டிரத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, காவல், துப்புரவு போன்ற சேவைக்கட்டணம் பரப்பளவைப் பாராமல் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. நீச்சல்குளமும் உடற்பயிற்சிக்கூடமும் உள்ள புதிய வளாகத்தின் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு, இப்போதைய பழைய வீட்டைவிட அதிகமாகவே கட்டநேரிடலாம். கோந்த்வாவில் தண்ணீர் டேங்கர் செலவும் இதோடு சேருமா என்று சொசைட்டியில் முன்னதாகவே விசாரியுங்கள்.

ஆயினும் லிப்ட் இல்லாத கட்டடமாகி, முழங்கால் வலியும் தொடங்கிவிட்டதானால், இடம்மாறுவதே நல்லது என்பது என் எண்ணம். அதற்கும் அவசரம் வேண்டாம். பழைய வீட்டைப் பூட்டிவைத்து, அதே பகுதியில் கீழ்த்தளத்துச் சிறிய வீடொன்றில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். மருந்துக்கடைக்காரரும், நடுஇரவில் ஆட்டோ அழைத்துத்தரும் மராத்திய அண்டைவீட்டாரும் விலைகொடுத்து வாங்கக்கூடியவர்களல்லர். வெள்ளிதோறும் கூடத்தில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குச் சிறிய வீட்டில் இடமிருக்குமா என்பதை அந்த வீட்டின் தாயாரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை.

வீட்டைவிட்டுப் போக மனமில்லை, கையில் பணமுமில்லை என்போருக்கு, 60 வயது கடந்தபின் வங்கியில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்னும் வழியுண்டு. வீட்டின்பேரில் வங்கி தவணையாகப் பணம் தரும். ஆயுள்வரை அங்கேயே குடியிருக்கலாம். கடன் பின்னர் வீட்டிலிருந்து தீர்க்கப்படும். ஆகவே பிள்ளைகளுக்கு இதை முன்னமே சொல்லிவிடுவது சமாதானத்துக்கு ஏதுவாகும்.

வேறுசிலர், "எப்படியும் உனக்குத்தானே" என்று வீட்டை மகன் பெயருக்குத் தானப்பத்திரம் எழுதிவிட்டு அவனோடு போய்விட எண்ணுகிறார்கள். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் திரும்பப்பெற இடமளிக்கிறது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு தாயின் தானப்பத்திரத்தை இவ்வாறே ரத்துசெய்தது. ஆனால் 2022இல் அதே நீதிமன்றம், நிபந்தனை இருந்ததென்று காட்டப்படாத ஒரு வழக்கில் பெற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே எழுதித்தான் கொடுப்பதென்றால், தங்களை ஆயுள்வரை பராமரிக்கவேண்டும் என்ற வரி பத்திரத்திலேயே இருக்கட்டும். மகன் எவ்வளவு நல்லவனானாலும்.