இலை துளிர்த்தால் வேர் வந்துவிட்டதா?

ஏற்காட்டில் போன வருடம் பிப்ரவரியில் நாற்பது மிளகுக் கொடித் துண்டுகளைப் பைகளில் ஊன்றி வைத்தேன். மூன்றாவது வாரத்திலேயே முப்பதுக்கு மேல் தளிர் விட்டுவிட்டன. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. ஏப்ரல் முடிவில் உயிரோடு இருந்தவை ஆறுதான். வாடியதைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை. கறுத்துக் கொழகொழவென்று இருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் நாற்று போடும் அக்கா அதைப் பார்த்துச் சொன்னது ஒரே வரி: "தம்பி, இலை வர்றது கொடி தன் கையிருப்பைச் செலவு பண்றது. வேர் வர்றதுதான் சம்பாத்தியம்." அந்த ஒரு வரியின் பின்னால் இருக்கும் தாவரவியலைத் தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில், ஏன் விதை போடுவதில்லை? மிளகு விதை முளைக்கும். ஆனால் முளைக்கும் செடி தாயைப் போலவே இருக்காது. காய்ப்பு கூடும், குறையும். 1971-ல் கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பன்னியூர்-1 மாதிரியான கலப்பு ரகத்தில் இது இன்னும் அதிகம். தாய்க்கொடியை அப்படியே நகலெடுக்க வேண்டுமென்றால் துண்டு வெட்டி வேர்விட வைப்பதுதான் வழி. நம் ஊரில் முருங்கைப் போத்து நடுவதும் இதே வேலைதான்.

சரி, வெட்டிய தண்டில் வேர் எப்படி வருகிறது? கொடியின் நுனியிலும் இளம் இலைகளிலும் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது. அது தண்டு வழியாக மேலிருந்து கீழாக, ஒரே திசையில் போகும். தண்டை வெட்டினால் கீழே போக வழியில்லாமல் வெட்டுவாய்ப் பக்கம் தேங்கி நிற்கும். அங்கே தேங்கும் ஆக்சின், சாறு கடத்தும் குழாய்களை ஒட்டிய செல்களிடம் "பழைய வேலையை விடு, வேராக மாறு" என்று சொல்கிறது. துண்டைத் தலைகீழாக ஊன்றினாலும் அதற்கு எது அடி, எது நுனி என்பது மறப்பதில்லை. அதனால்தான் நாற்றங்காலில் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைக்கிறார்கள்.

மிளகுக்கு இன்னொரு வசதி உண்டு. மரத்தில் ஏறும் கொடியின் ஒவ்வொரு கணுவிலும் பற்றிக்கொள்ளும் வேர்கள் ஏற்கெனவே இருக்கும். அதனால் ஒரு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும் என்பது அடிப்படை விதி.

எங்கிருந்து வெட்டுகிறோம் என்பது அடுத்த விஷயம். எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது இதுதான். ஒரே கொடி, ஒரே மரபணு. ஆனால் அடியிலிருந்து தரையில் ஓடும் தண்டை வெட்டி நட்டால் மரமேறும் கொடி கிடைக்கும். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி நட்டால் அது ஏறவே ஏறாது. தொட்டியில் வளர்க்கும் குற்றுமிளகுச் செடியாகிவிடும். பக்கக்கிளை வேர்விடுவதும் கடினம். நான் செய்த முதல் தப்பு இதுதான். கைக்கு எட்டிய கிளையையெல்லாம் வெட்டியிருந்தேன்.

முறையாகச் செய்பவர்கள் நல்ல காய்ப்புள்ள, நோயில்லாத தாய்க்கொடியைக் குறித்து வைத்து, அதன் ஓடுதண்டுகளை மண்ணில் படாமல் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சுற்றி வைக்கிறார்கள். மண்ணில் பட்டால் அங்கேயே வேர் பிடித்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டி, ரொம்ப இளசான நுனியையும் முற்றிய அடியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை 2 அல்லது 3 கணு உள்ள துண்டுகளாக்குகிறார்கள். இலையை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விடுவார்கள். காரணம் எளிது: இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், ஈடுகட்ட வேர் கிடையாது.

பையில் மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, தொழு உரம் 1 பங்கு. நான் தோட்டத்து மண்ணை மட்டும் அழுத்தி நிரப்பி, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். வேர் உருவாக ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. தண்ணீர் தேங்கினால் மண்ணிடுக்கில் ஆக்சிஜன் போய்விடும், வெட்டுவாய் அழுகும். மிளகில் விரைவு வாடலை உண்டாக்கும் பைட்டோப்தோரா பூசணத்துக்கு இந்த ஈரம் விருந்து. வெயிலில் பாலித்தீன் போர்த்திச் சூடேற்றிய மண்ணும், அதில் கலக்கும் டிரைக்கோடெர்மாவும் இங்கேதான் கைகொடுக்கின்றன.

வேர்விடும் பவுடர் அவசியமா? ஓடுதண்டு அது இல்லாமலேயே வேர்விடும். பக்கக்கிளைக்கு ஐ.பி.ஏ. உதவும். தாவரத்தின் இயற்கை ஆக்சினைவிட இது சீக்கிரம் சிதையாது. வழக்கமான அளவு 1000 பி.பி.எம்., அதாவது 100 மில்லி கரைசலில் 100 மில்லிகிராம். தண்ணீரில் சரியாகக் கரையாது, முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். வெட்டுவாயை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முக்கினால் போதும். "கூடப் போட்டால் கூட வேர்" என்ற கணக்கு இங்கே செல்லாது. களைக்கொல்லியாகத் தெளிக்கும் 2,4-டி கூட ஒரு செயற்கை ஆக்சின்தான். அளவு மீறினால் மருந்தே கொல்லும்.

ஏற்காட்டுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. சுமார் 1500 மீட்டர் உயரம். பிப்ரவரி இரவுகளில் நல்ல குளிர். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகத்தான் வரும், ஆனால் பகல் வெயில் மொட்டைத் தூண்டிவிடும். இலை முந்துகிறது, வேர் பிந்துகிறது. என் பைகளில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். இந்த வருடம் பைகளை நெருக்கி அடுக்கி, மேலே வளைவாகப் பாலித்தீன் கூடாரம் போட்டு, அதன்மேல் நிழல்வலை கட்டினேன். உள்ளே ஈரப்பதம் நின்றது, மண்ணும் சூடு தாங்கியது. தண்ணீரைப் பூவாளியால் லேசாகத் தெளித்ததோடு சரி. நாற்பதில் முப்பத்தொன்று பிழைத்தன.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நகல் என்றால் நல்லதோடு பலவீனமும் நகலாகும்; புரோகிராமை காப்பி பேஸ்ட் செய்தால் பக்கும் சேர்ந்து வருவது போல. ஒரே தாயின் பிள்ளைகளால் சில்வர் ஓக் மரங்கள் அத்தனையையும் நிரப்பினால், அதைத் தாக்கத் தெரிந்த ஒரு நோய் அத்தனையையும் தாக்கும். நாலைந்து தாய்க்கொடிகளிலிருந்து கலந்து எடுப்பதே பாதுகாப்பு.

இப்போதெல்லாம் தளிர் வந்தால் நான் போட்டோ எடுப்பதில்லை. பையின் அடி ஓட்டையில் வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கிறேன்.