ராமுக்குள்ளேயே ஒரு ஸ்வாப்

1995-ல் அமெரிக்காவில் 'சாஃப்ட்ராம்95' என்றொரு மென்பொருள் லட்சக்கணக்கில் விற்றது. தரவைச் சுருக்கிக் கணினியின் ராமை இரண்டு மடங்காக்கும் என்று விளம்பரம். பிரித்துப் பார்த்தவர்களுக்கு, விண்டோஸ் 95-ல் அது எதையுமே சுருக்கவில்லை என்பது தெரியவந்தது. மறு ஆண்டே அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்த மோசடி, நல்லதொரு யோசனையின் பெயரையும் கெடுத்துவிட்டது. ஆனால் இன்று நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஓடுவது அதே யோசனைதான்.

ராம் நிறைந்தால், கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களைக் கணினி டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் இடத்துக்குத் தள்ளும். ஒரு பக்கம் என்பது பெரும்பாலும் 4,096 பைட். திரும்பத் தேவைப்பட்டால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதை எடுத்துவரச் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் இப்படிப் போய்வரும்போதுதான் கணினி உறைந்து நிற்கிறது. லினக்ஸில் உள்ள 'இசட்ராம்' ராமுக்குள்ளேயே ஒரு போலி டிஸ்க்கை அமைக்கிறது. ஸ்வாப்புக்கு வரும் பக்கத்தைச் சுருக்கி அங்கேயே வைத்துக்கொள்கிறது. விரித்தெடுக்கச் சில மைக்ரோசெகண்டே போதும்.

இடமில்லாத ராமிலேயே திரும்ப வைத்தால் என்ன லாபம்? ராமில் இருக்கும் தரவின் இயல்பில்தான் விடை இருக்கிறது. பூஜ்யங்களும் சின்னச் சின்ன எண்களும் அதில் ஏராளம். அடுத்தடுத்த முகவரிகளும் நிறைய இருக்கும். அவற்றின் முன்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். பால் வில்சனும் ஸ்காட் காப்லானும் 1990-களில் உருவாக்கிய முறை இதைத்தான் பிடித்துக்கொண்டது. 32 பிட் கொண்ட ஒவ்வொரு சொல்லையும், சற்றுமுன் கண்ட 16 சொற்கள் அடங்கிய பட்டியலோடு ஒப்பிடும். மேல் 22 பிட் பொருந்தினால், கீழ் 10 பிட்டையும் பட்டியலில் அதன் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும். முழுதும் பூஜ்யம் என்றால் 2 பிட் அடையாளமே போதும். எவ்வளவு அழகான சிக்கனம்! 2013-ல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளமான மேவரிக்ஸில் நினைவகச் சுருக்கத்தைக் கொண்டுவந்தபோது இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. லினக்ஸில் எல்இசட்4, இசட்எஸ்டிடி போன்ற பொதுவான முறைகள் உண்டு. பக்கங்கள் பெரும்பாலும் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும்.

2010-ல் லினக்ஸில் சோதனைப் பகுதியாக நுழைந்த இசட்ராம், 2014-ல் முழுத் தகுதி பெற்றது. இடையில் 2013-ல் ஆண்ட்ராய்டு 4.4, 512 எம்பி போன்களுக்காக இதைக் கையில் எடுத்தது. விலை குறைந்த போனும் ஓரளவு தடங்கலின்றி ஓட இது பெரிய உதவி. பாராட்டு கிடைக்காத நல்ல பொறியியல் என்றே சொல்வேன். ஃபெடோரா லினக்ஸ் 2020 முதல் இதைத் தானாகவே இயக்கித் தருகிறது. 4 ஜிபி மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் இதை அவசியம் முயன்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்காது. எல்லாப் பக்கமும் ஓயாமல் தேவைப்பட்டால், சுருக்குவதிலும் விரிப்பதிலுமே பிராசஸரின் நேரம் கரைந்துவிடும். டிஸ்க் ஸ்வாப்பையும் சேர்த்து வைத்தால் இன்னொரு தொல்லை: யாரும் தேடாத பழைய பக்கங்கள் இசட்ராமை அடைத்துக்கொள்ள, புதியவை மெதுவான டிஸ்க்குக்குப் போகும். அப்படிப்பட்ட கணினிக்கு 'இசட்ஸ்வாப்' பொருத்தமானது. டிஸ்க்குக்கு முன்னால் நின்று பக்கங்களைச் சுருக்கி வாங்கிக்கொள்ளும். நிறைந்ததும் பழையவற்றை டிஸ்க்குக்கு அனுப்பிவிடும்.