உலகச் சந்தையில் உச்சம். உழவர் கையில் சொற்பம்

2024 ஏப்ரலில் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ விதையின் விலை 10,000 டாலரைக் கடந்திருந்தது. அதே மாதத்தில், உலகிலேயே மிகுதியாகக் கோகோ விளையும் ஐவரி கோஸ்ட் நாட்டின் அரசு, உழவர்களுக்கான கொள்முதல் விலையை உயர்த்தியது. உயர்த்திய பின்னரும் அது டன்னுக்கு ஏறத்தாழ 2,500 டாலர்தான். வரலாறு காணாத விலையில் கால் பங்கே விளைவித்தவருக்குக் கிடைத்தது.

இதற்குக் காரணம் உண்டு. ஐவரி கோஸ்டும் அதன் அண்டை நாடான கானாவும் விளைச்சலின் பெரும்பகுதியை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விற்று, அதன் அடிப்படையில் பருவத் தொடக்கத்தில் கொள்முதல் விலையை நிர்ணயித்து வந்தன. சந்தை சரியும்போது இம்முறை உழவரைக் காக்கிறது; ஏறும்போது ஆதாயத்திலிருந்து அவரை விலக்கி வைக்கிறது. நோயும் பருவநிலையும் விளைச்சலைக் குறைத்த ஆண்டில், விற்பதற்கே அவரிடம் குறைவாகத்தான் இருந்தது.

ஆனால், சிக்கலின் வேர் இன்னும் ஆழமானது. உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் இவ்விரு நாடுகளில், பெரும்பாலும் சில ஏக்கர் நிலமே உடைய குடும்பங்களால் விளைவிக்கப்படுகிறது. வாங்குவோரோ விரல்விட்டு எண்ணக்கூடிய பெரு நிறுவனங்கள். வருவாய் போதாத குடும்பம் கூலியாள் வைக்க முடியாமல் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்புகிறது. இவ்விரு நாடுகளிலும் ஏறத்தாழ 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ சாகுபடியில் உழைப்பதாக 2020இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக நிறுவனமொன்றின் ஆய்வு மதிப்பிட்டது. குழந்தைத் தொழிலாளர் முறையைக் கண்டிப்போர் கொள்முதல் விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

1988இல் நெதர்லாந்தில் காபிக்கான முத்திரையாகத் தொடங்கிய நியாய வணிக முறை இதற்கு ஒரு விடை தந்தது. சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும், வாங்குபவர் குறைந்தபட்ச விலை ஒன்றைத் தர வேண்டும். 2019இல் கோகோவுக்கு அது டன்னுக்கு 2,400 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. அத்துடன் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சேரும் ஊக்கத்தொகை 240 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. அதைப் பள்ளிக்கூடத்துக்கோ குடிநீருக்கோ செலவிடுவதை உறுப்பினர்களே முடிவு செய்வர். எனினும், முத்திரை பெற்ற சங்கங்களாலும் தங்கள் விளைச்சல் முழுவதையும் இவ்விலையில் விற்க முடிவதில்லை. கேட்பவர் குறைவு என்பதால் மீதி வழக்கமான விலைக்கே போகிறது.

2019இல் இவ்விரு அரசுகளும் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் 'வாழ்வூதியக் கூடுதல் தொகை'யை அறிவித்தன. உணவு, உறைவிடம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்குப் போதுமான வருவாயே இதன் இலக்கு. 2020-21 பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால், தரத்துக்காக வழக்கமாகத் தரப்பட்டு வந்த மற்றொரு கூடுதல் தொகையை வாங்குவோர் குறைத்துக்கொண்டே வந்தனர். ஒரு கட்டத்தில் அது தள்ளுபடியாகவே மாறியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது.

விலையின் ஓர் உறுப்பை மட்டும் உயர்த்தினால் மற்றோர் உறுப்பில் அது கழிந்துவிடும் என்பதே இதன் பாடம். எனவே, உழவர் கைக்கு வரும் மொத்தத் தொகையே நியாயத்தின் அளவுகோலாக இருக்க வேண்டும். நிறுவனங்கள் எந்த விலைக்கு வாங்கின என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பல ஆண்டு ஒப்பந்தங்களின் மூலம் இழப்பின் அபாயத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். லாபத்திலும் உழவருக்கு இடம் வேண்டும். கானாவின் 'குவாப்பா கோகோ' கூட்டுறவு, 1998இல் தொடங்கப்பட்ட 'டிவைன்' சாக்லேட் நிறுவனத்தில் பங்குதாரராகி, அதற்கு முன்மாதிரி காட்டியது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வளர்ப்போருக்கும் இது அயல்நாட்டுச் செய்தி அன்று. 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டிய உலக விலை, அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. ஏற்றத்தின் பயன் பலருக்கும் இறக்கத்தின் சுமை உழவருக்கும் என்னும் பங்கீடு மாறாதவரை, நியாய வணிகம் உறையில் அச்சிடப்பட்ட சொல்லாகவே நிற்கும்.