சட்டம் கொடுத்தல் முதல் வீட்டுக்கு வீடு வரை

சுங்கை பூலோவில் இன்று குவாசா டாமன்சாரா என்ற ரயில் நிலையம் நிற்கும் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஆர்.ஆர்.ஐ. தோட்டம். ரப்பர் ஆய்வுக்கழகத்தின் மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களில் என் பாட்டியும் ஒருவர். கோயில் திருவிழாவுக்கு அரிச்சந்திரன் நாடகமான மயான காண்டம் போடுவார்களாம். மூன்று மாதம் இருக்கும்போதே லயத்துக்குப் பின்னால் ஒத்திகைச் சத்தம் தொடங்கிவிடுமாம். நாடகத்தைவிட அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் பாட்டி அதிகம் பேசுவார். யார் சந்திரமதியாக நின்றார், யாருக்குத் தொண்டை கட்டியது, எந்த வீட்டில் எல்லாருக்கும் காப்பி கலந்தார்கள் என்று.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் கலை இரவு நடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று மாதம் எனக்கு நினைவுக்கு வருகிறது. மண்டபம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. சுற்றுவட்டார மக்கள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள். பல்கலைக்கழகக் கலை அரங்கும் ஊரும் ஒன்றாகச் செயல்படுவது எப்படி என்பதற்கு, நமக்குத் தெரிந்த தமிழ் உலகத்தில் இலங்கையின் மட்டக்களப்பு, தன் கூத்து மரபில் ஒரு முறை வைத்திருக்கிறது. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஊர் கூடும். எந்தக் கூத்து, வடமோடி, தென்மோடி என்ற இரு பாணியில் எது, எந்த அண்ணாவியார் என்று பேசி முடிவெடுப்பார்கள். அண்ணாவியார் என்றால் ஆட்டம், பாட்டு, மத்தளம் மூன்றும் கைவந்த ஆசிரியர். வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைப்பார்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஊர் தானே விரும்பித் தேர்ந்தெடுக்காத கூத்துக்குப் பிறகு ஊரின் உழைப்பும் கிடைக்காது.

அடுத்தது சட்டம் கொடுத்தல். நல்ல நாள் பார்த்து, குரலும் உடல்வாகும் கவனித்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அண்ணாவியார் பிரித்து, அவரவர் பாடவேண்டிய பகுதியை எழுதிக் கையில் கொடுப்பார். மீனவரும் விவசாயியும் பள்ளிக்கூடப் பையனும் அன்றுமுதல் தருமர், துரோபதை, கட்டியகாரன்.

பிறகு இரவு இரவாகப் பழக்கம். வேலை முடித்து வந்தவர்கள் களரி என்னும் ஆடுகளத்தில் கூடுவார்கள். களரி வட்டமானது, நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும், பிற்பாட்டுப் பாடுகிறவர்களும். அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்ல, கால் அதைப் பிடிக்கவேண்டும். கால் பிடித்த பிறகுதான் பாட்டு. இரண்டும் சேரும்போது மூச்சு வாங்கும். பாதிப்பேர் அங்கேதான் சோர்வார்கள், அதைத் தாண்டியவர்கள் கடைசிவரை நிற்பார்கள். மாதக்கணக்கில் நீளும் கட்டம் இதுதான்.

சதங்கை அணிதல் தனி விழா. அதுவரை வெறுங்காலோடு ஆடியவர்களுக்கு, ஆட்டம் காலில் ஊறிவிட்டது என்று அண்ணாவியார் நிச்சயித்த பிறகே சதங்கை. வெறுங்காலில் மறைந்துபோகும் பிழை சதங்கைக் காலில் ஊருக்கே கேட்கும். ஒரு அடி பிந்தினால் அந்த ஒற்றை மணிச்சத்தம் தனியாக விழும். பிள்ளை தேறிவிட்டான் என்பதை ஊர் முன்னால் காதால் கேட்டு ஏற்கும் நாள் அது. எந்தச் சான்றிதழைவிடவும் நேர்மையான தேர்வு என்று இதை நான் நினைக்கிறேன்.

அடுக்குப் பார்த்தல் என்பது முழு ஒத்திகை. வரவிலிருந்து மங்களம்வரை விடாமல் ஆடிப் பார்ப்பார்கள். உடுப்புக் கட்டி, சுற்றிவர ஊர் உட்கார்ந்திருக்க, விடியும்வரை ஆடுவது அரங்கேற்றம். அதோடு முடியாது. பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் தம்மால் முடிந்ததைக் கொடுப்பார்.

இதில் பல்கலைக்கழகம் எங்கே வந்தது? இரண்டு முறை, இரண்டு வழியாக.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவியாரை வரவழைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். 1962இல் கர்ணன் போர், பிறகு இராவணேசன். விடிய விடிய ஆடும் கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்கு வந்தது. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்த மரபை வளர்த்தார். நாட்டுப்புறத்தார் ஆட்டம் என்று ஒதுக்கிய படித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தது இந்த முயற்சியால்தான். அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

இரண்டாவது வழி 2002க்குப் பிறகு. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர், மட்டக்களப்புச் சீலாமுனை மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற வேலையைத் தொடங்கினார். இம்முறை கூத்து வளாகத்துக்குப் போகவில்லை. வளாகம் களரிக்கு வந்தது. மேலே சொன்ன படிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு படி மட்டும் புதிதாகச் சேர்ந்தது: பிரதியை எல்லாரும் உட்கார்ந்து பேசுவது.

என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் படி. பழைய கூத்துப் பாட்டுகளில் பெண்ணைத் தாழ்த்தும் வரிகள் உண்டு, சாதி பேசும் வரிகள் உண்டு. பல்கலைக்கழகத்தார் சிவப்பு மை எடுத்துக்கொண்டு போய் வெட்டியிருந்தால் வேலை ஒரு நாளில் முடிந்திருக்கும், கூத்தும் அன்றோடு செத்திருக்கும். ஆடுகிறவர், அண்ணாவியார், ஊரவர், ஆய்வாளர் சேர்ந்து பேசித்தான் மாற்றவேண்டும் என்பது இங்கே விதி. மாற்றிய வரி சந்தத்தில் உட்கார வேண்டும், ஆட்டத்துக்கு இடம் விடவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் அண்ணாவியார். பேராசிரியர் அங்கே மாணவர். ஊரின் பிழையை ஊரே திருத்துவதற்குத் துணை நிற்பது பல்கலைக்கழகம் செய்யக்கூடிய பெரிய உதவி.

நம் மலேசியாவிலும் இதற்கு வழி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மண்டபங்களுக்கும் பஞ்சமில்லை. தோட்டத்திலிருந்து பெயர்ந்து தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய பெரியவர்கள், மயான காண்டத்துப் பாட்டை நெஞ்சில் வைத்திருப்பவர்கள், இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே, அடுத்த கலை இரவுக்கு மண்டபம் பதிவு செய்யுமுன் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுக்குப் போங்கள். மூன்று மாதம் முன்னதாகவே போங்கள்.