நரம்பு நோவும் நாளவழி மருந்தேற்றலும்: தாதியர் பணி பற்றியதொரு விளக்கம்

ருவான்வெல்லையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலே, “கால் எரியுது”, “கரண்டு அடிச்ச மாதிரி இழுக்குது” என்று தொழிலாளர் சொல்லக் கேட்கலாம். இந்நோவு பிறப்பது தசையிலன்று, பழுதுற்ற நரம்பிலேயாம். எனவே தைலமும் பரசிற்றமோலும் பெரிதும் உதவா. நீரிழிவு, அக்கி, பழைய காயம் என்பன இதன் பொதுவான காரணங்கள்.

அமிற்றிப்ரிலின், கபபென்ரின் முதலிய மாத்திரைகள் பயன்தராவிடத்து, தெரிந்தெடுத்த சிலருக்கு லிக்னோகெயினை நாளத்தினூடாக மெதுவாக ஏற்றுவர். 1943 இல் சுவீடனில் நில்ஸ் லோவ்கிறென் ஆக்கிய இம்மருந்தைப் பல் பிடுங்கும்போது விறைக்கச் செய்வதாகவே நம்மவர் அறிவர். அது நரம்பின் சோடியவழிகளை அடைத்து, வீணே எழும் உந்தல்களைத் தணிக்கின்றது. ஆறுதல் சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில வாரம். சிலருக்கு இல்லவே இல்லை. இதனை முன்னரே கூறிவிடுதல் நேர்மையாகும்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என வைத்தியர் விதித்தால், 42 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு 126 மில்லிகிராம் வேண்டும். கண்மதிப்பாக 60 என எழுதினால் அது 180 ஆகிவிடும். ஆதலின் அன்றைய எடையை அன்றே நிறுத்தறிதல் தாதியின் முதற்கடன். இதயக் கோளாறு, வலிப்பு, ஈரல்நோய் உண்டா என வினவுதலும், இதயமின்னலைப் பதிவையும் குருதியமுக்கத்தையும் இடையறாது நோக்குதலும், 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை எட்டும் தூரத்தில் வைத்தலும் அடுத்தவை.

எனினும் நஞ்சேற்றத்தின் முதற்குறிகள் பெரும்பாலும் கருவியில் தெரிவதில்லை. வாயைச் சுற்றி மரத்தல், நாவில் உலோகச் சுவை, காதிரைச்சல் ஆகியவற்றை நோயாளியே சொல்லவேண்டும். கவனியாவிடில் வலிப்பும் இதயத் தளர்ச்சியும் தொடரலாம். இங்கேதான் மொழி உயிர்காக்கும் கருவியாகிறது. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டதென்பது உண்மையே. ஆயினும் சிங்களம் மட்டுமே அறிந்த தாதியிடம், “மிஸ்ஸி”யைத் தொந்தரவு செய்யலாகாது எனக் கூசும் தோட்டத்துப் பெண் எதைச் சொல்வாள்? “ஒரு மாதிரியா இருக்கு” என்பாள். அதுவும் முனகலாகவே கேட்கும். அச்சொல் கேட்டமாத்திரத்தே மருந்தை நிறுத்திவிட்டு, அதன்பின் வைத்தியரை அழைத்தல் வேண்டும். “வாய் மரக்குதா? காது இரையுதா?” என்னும் இரு வினாக்களையேனும் ஒவ்வொரு தாதியும் தமிழிற் கற்றிருத்தல் நன்று என்பது எமது கருத்து.

மருந்தேற்றியபின் தலைச்சுற்று நீங்கும்வரை நோயாளியை அனுப்பலாகாது; லயத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. துணைக்கொருவர் வரவேண்டும். நோவை 0 முதல் 10 வரை எண்ணச் சொல்வதோடு, போர்வை காலிற்பட்டால் தாங்கமுடிகிறதா, இரவு உறங்கினாரா என்றும் அடுத்த வரவின்போது கேட்டெழுதுதல் பயனுடைத்து.